இருபத்திரண்டு மீட்டர் கூடாரம்

அளவக்கா போன ஆண்டு இறந்தாள். வயது ஐம்பத்தெட்டு. கணையத்தில் கட்டி. கண்டுபிடித்த நாளிலிருந்து பதினொரு வாரம்.

அதற்கு ஏழு ஆண்டு முன்பு அவள் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதினாள். சொல்ல வந்தது அந்தக் கதை.

அவளுக்கென்று பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது. கூடாரப் பட்டறையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்பார்கள். அங்கே அவள் அளவக்கா. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. மகள் பொறியியல் பட்டம் வாங்கிய அன்றுகூட நாடா கைப்பையில் இருந்தது. அரங்கத்தில் இருக்கைகளுக்கு நடுவே கால் நீட்ட எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று அளந்து பார்த்து, "கஞ்சப் பசங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். துணிக்கடைக்குப் போனால் துணியை அளக்கும் முன் கடைக்காரரின் அளவுகோலை அளப்பாள். ஒருமுறை அது அரை விரற்கடை குறைவாக இருந்தது. அன்று முதல் அந்தக் கடைக்காரர் அவள் தலையைக் கண்டால் உள்ளறைக்குப் போய்விடுவார்.

பதினாறு வயதில் பத்தாவது எழுதினாள். மற்ற எல்லாப் பாடத்திலும் தேறினாள், கணக்கில் மட்டும் பத்தொன்பது. அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அதற்குள் பட்டறையில் ஆள் எடுத்தார்கள். கித்தான் ஓரத்தில் வளையம் அடிக்கப் போனவள், பிறகு மடிப்பு, பிறகு தையல் எந்திரம் என்று நகர்ந்து, இருபத்தெட்டு வயதில் வெட்டு மேசைக்கு வந்தாள். வந்த இடத்திலேயே இருபத்துமூன்று ஆண்டு நின்றாள். நின்றாள் என்றால் நின்றேதான். அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது.

மேசை ஒன்பது மீட்டர் நீளம். ஒரு முனையில் கித்தான் சுருள், மறு முனையில் சன்னல். சுருளை இழுத்து விரிக்க வேண்டும், சாக்பீஸில் நூல் கட்டி வளைவு போட வேண்டும், கத்தியை ஓட்ட வேண்டும். கூடினால் நறுக்கிவிடலாம். குறைந்தால் ஒட்டுப் போட வேண்டும், ஒட்டுப் போட்ட கூடாரம் ஒழுகும். இதனால் பட்டறையில் எந்த அளவும் வெறும் அளவாக வாயில் வராது. தையலுக்கும் மடிப்புக்கும் சேர்த்தே வரும். வாங்க வந்தவர் மூன்று மீட்டர் என்பார், சீட்டில் மூன்று பதினைந்து என்று விழும். கூட்டுகிறோம் என்ற நினைப்பே யாருக்கும் இருக்காது.

அவளுக்கு ஐம்பத்தொன்று நடக்கும்போது பெரிய கம்பெனி ஒன்று பட்டறையை வாங்கியது. புது மேலாளர் வந்தார். முப்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுவார். மே மாதத்தில் ஒரு நாள் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்கக்கா."

"நின்னே பழக்கம் தம்பி. சொல்லுங்க."

"வெட்டு மேசைக்குப் பொறுப்பாளர்னு ஒரு பதவி வருது. நீங்க இப்ப பாக்குற அதே வேலைதான். ஆனா பத்தாவது பாஸ் சர்டிபிகேட் வேணுமாம்."

"பாஸுதான் தம்பி. ஒரு பாடம் போக."

"அந்த ஒரு பாடத்தைத்தான் கேக்குறாங்க."

"கணக்கையா? அப்ப இருபத்துமூணு வருஷமா நான் இங்க என்ன, படமா வரைஞ்சுக்கிட்டிருக்கேன்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதி நான் போட்டதில்லக்கா. டிசம்பர் கடைசி வரைக்கும் உங்களுக்கு டைம் வாங்கி வச்சிருக்கேன். அதுக்குள்ள ஆகலன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுப்பாங்க. உங்களுக்கு பேக்கிங்ல இடம் இருக்கு. சம்பளம் ஒரு பைசா குறையாது."

சம்பளம் குறையாது என்றதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆக, அவள் கை செய்கிற வேலை என்னவென்று இவர்களுக்குத் தெரியவே தெரியாது. கூடாரத்தை மடித்துப் பையில் திணிப்பதும் அதை வெட்டுவதும் இவர்களுக்கு ஒன்று.

வெளியே வந்தபோது எந்திர வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கும் வெடி காத்திருந்தாள். வெடிக்கு அந்தப் பெயர் சிரிப்பால் வந்தது. அவள் சிரித்தால் பதினாலு எந்திரச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

"என்னக்கா, சம்பள உயர்வா?"

"பரீட்சை எழுதணுமாம்."

வெடி வெடித்தாள். பிறகு அளவக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதிடுக்கா" என்றாள். "பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன். எனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து பெயிலாவோம்."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பேருந்து நடத்துநர். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றார். "உனக்குக் கணக்குத் தெரியுமான்னு இந்த வயசுல அவங்க கேக்குறாங்கல்ல, அதுக்கு" என்றாள். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் வண்டியிலிருந்து இறங்கியதும் பழைய புத்தகக் கடையில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டுதான் வீடு வந்தார். அட்டையில் யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.

மகள் வேறு ஊரில் இருந்தாள், ரயிலில் எட்டு மணி நேரம். பாலங்களுக்கு இரும்பு எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்குப் பார்க்கிற பொறியாளர். செய்தி கேட்டதும் முதலில் பத்தாண்டுக் கேள்வித்தாள்களை இறக்கி, எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க் என்று அட்டவணை போட்டாள். தேற முப்பத்தைந்து. வடிவியல், பரப்பளவு, எளிய சமன்பாடு, சராசரி. இவை போதும். மற்றதைத் தொடாதே என்று சொல்லிவிட்டாள். ஏற்பாடு இதுதான்: அம்மா காலையில் போட்ட கணக்கைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மாலை ஏழு மணிக்கு மகள் போனில் கூப்பிடுவாள். பரீட்சை அக்டோபரில்.

முதல் வாரமே தகராறு.

ஒரு முக்கோணம். இரண்டு கோணம் கொடுத்திருந்தார்கள், நாற்பத்தெட்டு, அறுபத்தேழு. மூன்றாவது எவ்வளவு என்று கேள்வி. அளவக்கா ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தாள்.

"அம்மா, மூணு கோணமும் சேர்ந்தா நூத்தி எம்பது. ரெண்டையும் கழிச்சா அறுபத்தஞ்சு. அம்பத்தெட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"கோணமானியை வச்சுப் பாத்தேன்."

"புத்தகத்துப் படத்து மேலயா?"

"பின்ன எங்க வைக்கிறது? அம்பத்தெட்டுதான்டி இருக்கு. வேணும்னா நீயே வச்சுப் பாரு."

"படம் சரியா இருக்காதும்மா. கீழ போட்டிருக்கான் பாரு, பொடி எழுத்துல."

போனில் கண்ணாடியைத் தேடும் சத்தம். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "படம் அளவுப்படி வரையப்படவில்லை." "அப்ப எதுக்குடி வரைஞ்சான்?"

"புரியறதுக்கு."

"தப்பா வரைஞ்சு காட்டினா எப்படிப் புரியும்? இந்த ஆளு நம்ம பட்டறையில ஒரு நாள் தாங்கமாட்டான்."

ஆனால் பிடித்துக்கொண்டாள். படத்தை நம்பாதே, எழுதியிருப்பதை மட்டும் நம்பு என்பது அவளுக்கு எரிச்சலூட்டிய விதி, எரிச்சலோடே கடைப்பிடித்தாள். அதன் பிறகு கோணக் கணக்கில் அவள் தவறியது அபூர்வம்.

சமன்பாடு வேறு மாதிரி முரண்டு பிடித்தது. ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட மூன்று மீட்டர் கூடுதல், சுற்றளவு இருபத்தாறு, நீள அகலம் என்ன? கணக்கைப் படித்து முடிப்பதற்குள் "எட்டு, அஞ்சு" என்றாள்.

"எப்படிச் சொன்ன?"

"சுத்தி இருபத்தாறுன்னா ஒரு நீளமும் ஒரு அகலமும் பதிமூணு. அந்த மூணை எடுத்துட்டா பத்து. பாதி அஞ்சு."

"இதைத்தாம்மா எழுதணும். அகலத்தை எக்ஸ்னு வச்சுக்க."

"அஞ்சை எதுக்கு எக்ஸ்னு வச்சுக்கணும்? அஞ்சுன்னு வச்சுக்கிறேன்."

"விடை தெரியறதுக்கு முன்னாடிம்மா."

"எனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சே. அதுக்கு நான் என்ன பண்றது?"

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வெறும் விடைக்கு ஒரு மார்க், விடைக்கு வந்த படிகளுக்கு நான்கு மார்க். படியில்லாமல் தேற முடியாது. மூன்று நாள் இதிலேயே போனது. நான்காம் நாள் மதிய இடைவேளையில், அளவக்கா கித்தான் துண்டு ஒன்றில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வெடி தன் சாப்பாட்டு டப்பாவுடன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்தப் பெருக்கல் குறி என்னக்கா, பாதியில நிக்குது? எதோட பெருக்கணும்?"

"பெருக்கல் இல்லடி. எக்ஸுங்கிற எழுத்து. தெரியாததுக்குப் பேரு."

"தெரியாததுக்குத்தான் நாம சுழி போடுவோமே."

பட்டறையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கூடாரம் செய்யச் சொல்பவர் எல்லா அளவையும் ஒரே நாளில் தருவதில்லை. கம்பத்து உயரம் நாளைக்குச் சொல்கிறேன் என்பார். வராத அளவுக்குச் சீட்டில் ஒரு சுழி போட்டு வைப்பார்கள். அந்தச் சுழியை வைத்தே மற்றக் கணக்கை ஓட்டுவார்கள்: சுழியும் ஒரு முழமும், இரண்டு சுழியும் மடிப்பும் என்று. அளவு வந்ததும் சுழிக்குள் எண்ணை எழுதினால் வேலை முடிந்தது.

அன்று மாலை அவள் அனுப்பிய படத்தில் சுழியும் சுழியும் மூன்றும் சேர்ந்து பதிமூன்று என்று இருந்தது. அடுத்த வரியில் இரண்டு சுழி பத்து. அதற்கடுத்த வரியில் சுழிக்குள் ஐந்து. மகள் அந்தப் படத்தை அலுவலகத்தில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தாள். பிறகு போன் செய்து, "சுழிக்குப் பதிலா எக்ஸ். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்னடி?"

ஜூலை வந்தது. வெட்டு மேசையில் வேலை குறையவில்லை. காலை ஐந்தரைக்கு அடுப்படியில் புத்தகம், எட்டு மணிக்குப் பட்டறை. கணவர் தானே தேநீர் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டார். குடிக்கும்படியாக இல்லை. அவரே அதைச் சொல்லிக்கொண்டு குடித்தார்.

ஆகஸ்டில் பரப்பளவுப் பாடத்தில் கூடாரக் கணக்கு வந்தது. ஏழு மீட்டர் விட்டம், பன்னிரண்டு மீட்டர் உயரம் உள்ள கூம்பு வடிவக் கூடாரத்துக்கு ஒன்றேகால் மீட்டர் அகலத் துணி எத்தனை மீட்டர் வேண்டும்? அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழு மணி வரை பொறுக்காமல் அவளே கூப்பிட்டாள்.

"என் கணக்கு வந்திருக்குடி! ஆனா எவனோ கிறுக்கன் சொன்ன கூடாரம். ஏழு மீட்டர் அகலத்துக்குப் பன்னெண்டு மீட்டர் உசரமா? ஒரு காத்துக்குத் தாங்குமா?"

"காத்து கணக்குல இல்லம்மா. விடை என்ன வந்துச்சு?"

"நூத்தி இருபத்தேழு."

புத்தகத்தின் பின்பக்கத்தில் நூற்றுப்பத்து என்று இருந்தது. மகள் படத்தைப் பார்த்தாள். சாய்வு உயரம் சரி. பரப்பு சரி. துணியின் அகலத்தால் வகுத்ததும் சரி, நூற்றுப்பத்து வந்திருக்கிறது. அதன் பிறகு கை தானாகப் பதினேழைக் கூட்டியிருக்கிறது.

"அம்மா, தையலைச் சேத்திருக்க."

"சேக்காம?"

"கேள்வியில தையல் பத்திச் சொல்லல."

"சொல்லாட்டி? ஒட்டுப் பசை போட்டு நிறுத்துவானா?"

அன்று சிரித்துவிட்டார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்கு உறை. மூடியோடு சேர்த்து எவ்வளவு துணி என்று கேள்வி; மறுபடி கூட்டியிருந்தாள். அடுத்த நாள் கன சதுரப் பெட்டிக்கு உறை, கூட்டியிருந்தாள். இரும்புத் தகட்டில் உருளை செய்கிற கணக்கிலும் மடிப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் விட்டிருந்தாள். பாடத்தில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட கணக்குத்தான். மகளின் அட்டவணைப்படி பரப்பளவு பதினைந்து மார்க். அது போனால் தேற வழியில்லை. மகளுக்கு அன்று அலுவலகத்திலும் ஒரு வரைபடம் தப்பென்று திரும்பி வந்திருந்தது.

"எத்தனை தடவைதாம்மா சொல்றது? துணியைச் சொன்னா உடனே கூட்டிடுற."

"கை பழக்கம்டி. எழுதி முடிச்சப்புறம்தான் தெரியுது."

"பழக்கமில்ல. நீ வேணும்னே பண்ற. பாஸாகணும்னு உனக்கு ஆசையே இல்ல."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா வர்ற நேரம். வச்சிடுறேன்" என்றாள் அளவக்கா.

கணவர் அன்று இரவுப் பணி. அது மகளுக்கும் தெரியும்.

ஒன்பது நாள் படம் வரவில்லை. மகள் ஏழு மணிக்குப் போனை எடுப்பாள், கீழே வைப்பாள். ஆறாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டாள். "உங்கம்மா புத்தகத்தைத் தலகாணிக்கு அடியில வச்சிருக்கா" என்றார் அவர். "படிக்கவும் இல்ல, தூக்கிப் போடவும் இல்ல. என்னடி சொன்ன?" மகள் ஒன்றுமில்லை என்றாள். மன்னிப்புக் கேட்பது அந்த வீட்டில் யாருக்கும் வராது. மூன்று பேருக்குமே வராது.

பத்தாம் நாள், சரியாக ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அளவக்கா, நேற்றுத்தான் பேசியதுபோல. "நீ பாலத்துக்கு இரும்பு கணக்குப் பாக்குறியே. பத்து டன் வண்டி போகும்னா பத்து டன்னுக்குத்தான் பாப்பியா?"

"இல்லம்மா. கூடுதலா வச்சுத்தான் பாப்போம்."

"எவ்வளவு கூட?"

"ஒண்ணரை மடங்கு. சில இடத்துல அதுக்கும் மேல."

"அப்ப நீயும் தையல் விடுற."

மகள், "ஆமா" என்றாள். "ஆனா அதைத் தனி வரியில எழுதுவோம். முதல்ல வெறும் கணக்கு. அதுக்குக் கீழ ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ எவ்வளவு கூட்டினோம், எதுக்குக் கூட்டினோம்னு. ரெண்டையும் கலந்துட்டா நாளைக்கு வேற ஒருத்தர் பாக்கும்போது எது கணக்கு, எது பயம்னு தெரியாது."

அளவக்கா அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். "சீட்டுல நாங்க கலந்துதான் எழுதுறோம்" என்றாள். "அதனாலதான் போன மாசம் வெடியும் நானும் ரெண்டு பேருமே மடிப்பு விட்டு, கூடாரம் ஒரு சாண் பெருசாப் போச்சு."

மறுநாள் படம் வந்தது. கணக்கு முடிந்த இடத்தில் அளவுகோல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்கு மேலே புத்தகத்தின் விடை. கீழே பொடி எழுத்தில் அவளுடைய விடை. மகள், "பரீட்சையில கோட்டோட நிறுத்திக்க. கீழ எழுதாத. ரெண்டு விடை எழுதினா மார்க் கிடையாதுன்னு சில பேர் அடிச்சிடுவாங்க" என்றாள். "சரி" என்றாள் அளவக்கா. அந்த மாதம் முழுக்க ஒரு பரப்பளவுக் கணக்கும் தவறவில்லை.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடியில். வாசலில் நின்ற கண்காணிப்பாளர் அவளைத் தடுத்தார். "பெத்தவங்க வெளியில நிக்கணும்மா."

"நான்தாங்க எழுதுறேன். என்னைப் பெத்தவங்க ரெண்டு பேரும் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாங்க."

பெஞ்சு தாழ்வாக இருந்தது. முழங்கால் மேலே இடித்தது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பதினெட்டு இருக்கும், நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். கேள்வித்தாள் வந்ததும் அளவக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். முதல் இரண்டு கேள்வி ஒன்றும் புரியவில்லை. தொடாதே என்று மகள் சொன்ன பாடம். தாண்டினாள். கோணம் வந்தது. கழித்தாள். செவ்வகம் வந்தது. எக்ஸ் என்று எழுதி, ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கை சூடு பிடித்தது.

கடைசிப் பக்கத்தில் கூடாரம். ஆரம் இரண்டு புள்ளி எட்டு, உயரம் இரண்டு புள்ளி ஒன்று. துணியின் அகலம் ஒன்று புள்ளி நான்கு. ஐந்து மார்க். இந்த முறை கிறுக்கன் சொன்ன அளவில்லை. இப்படிப்பட்ட கூடாரத்தை அவள் நூற்றுக்கணக்கில் வெட்டியிருக்கிறாள். சாய்வு உயரம் மூன்றரை. பரப்பு முப்பது புள்ளி எட்டு. துணி இருபத்திரண்டு மீட்டர். கோடு போட்டாள். பேனாவை மூடினாள்.

இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. விடைகளை முதலிலிருந்து சரிபார்த்தாள். கூடாரத்துக்கு வந்ததும் நின்றாள். இருபத்திரண்டு. இதை நம்பி யாராவது துணி வாங்கினால் கடைசிப் பட்டைக்குத் துணி இருக்காது. தாளைத் திருத்துகிறவர் துணி வாங்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மகள் சொன்னதும் மறக்கவில்லை. தேற முடியாமல் போனால் ஜனவரியில் பேக்கிங் என்பதும் தெரியும். பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கோட்டுக்குக் கீழே ஒரு வரி எழுதினாள்: தைப்பதற்கு 25.5 மீட்டர் வாங்கவும்.

மாலையில் போன். மகள் ஒவ்வொரு கேள்விக்கும் என்ன எழுதினாய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். கூடாரத்துக்கு வந்ததும் அளவக்காவின் குரல் இறங்கியது.

"இருபத்திரண்டுன்னு எழுதினேன்."

"கோடு?"

"போட்டேன்."

"அம்மா."

"ஒரே வரிதான்டி."

மகள் திட்டவில்லை. ஆகஸ்டில் திட்டியதற்கே இன்னும் கணக்குத் தீரவில்லை. தாளில் கூட்டிப் பார்த்தாள். கூடாரம் இல்லாமல் முப்பத்திரண்டு. கூடாரத்தோடு முப்பத்தேழு. திருத்துகிறவர் நல்ல மனநிலையில் இருக்க வேண்டும். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. "வந்துடும்மா" என்று மட்டும் சொன்னாள். அளவக்கா அந்தக் குரலை வைத்தே கூட்டிக் கழித்துத் தெரிந்துகொண்டாள்.

டிசம்பர் முடிந்தது. முடிவு வரவில்லை. மேலாளர் சொன்ன வார்த்தைப்படி வெளியிலிருந்து ஆள் வந்தார். நாற்பத்தைந்து வயது, வழுக்கை, பனைமர உயரம், கையில் சான்றிதழ். அளவக்கா சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங்குக்குப் போனாள். மடித்து, கட்டி, பையில் திணித்து, சீட்டு ஒட்டுகிற வேலை. வருகிற ஒவ்வொரு கூடாரத்தையும் ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தாள். ஒரு தப்புக் கிடைக்காதா என்றுதான். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆள் நன்றாகவே வெட்டினார்.

"எப்படிக்கா இருக்கான் மொட்டை?" என்றாள் வெடி, சாப்பாட்டு நேரத்தில்.

"வேலை தெரிஞ்ச ஆளு" என்றாள் அளவக்கா. அதைச் சொல்ல அவளுக்கு வாய் கசந்தது. முட்டாள் ஒருவன் வந்து துணியைப் பாழாக்கினால் மேலாளர் தானாக வந்து கூப்பிடுவார் என்று உள்ளூர ஒரு நினைப்பு இருந்தது. அது போனது. இனி அந்தத் தாள் ஒன்றுதான்.

மூன்று வாரம் அப்படிப் போனது. வீட்டில் அவள் எதையும் அளக்கவில்லை என்று கணவர் மகளிடம் சொன்னார். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஜனவரி இருபத்திரண்டு, காலை பத்து மணி. மகள் அலுவலகக் கணினியில் பதிவெண்ணைப் போட்டாள். முப்பத்தாறு. தேர்ச்சி. பேக்கிங் பகுதியில் போன் எடுக்கக் கூடாது என்பது விதி. மகள் பட்டறை அலுவலக எண்ணுக்கே கூப்பிட்டாள். மேலாளர் எடுத்தார், கேட்டார், பேக்கிங் பகுதிக்கு நடந்தே போய்ச் சொன்னார். வெடியின் சத்தம் போனிலேயே கேட்டது.

முப்பத்தேழுக்கு ஒரு மார்க் குறைவு. அது எங்கே போனது என்று அம்மாவும் மகளும் ஏழு ஆண்டு சண்டை போட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் கழித்தார்கள் என்பது மகளின் கட்சி. கழிப்பவன் ஐந்தையும் கழித்திருப்பான், அது கையெழுத்துக்குப் போன மார்க் என்பது அம்மாவின் கட்சி. விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்தால் தெரிந்துவிடும் என்று மகள் சொன்னபோதெல்லாம், "தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் எதைப் பேசுறது?" என்றாள் அளவக்கா. நோயோடு இருந்த அந்தப் பதினொரு வாரத்தில் ஒன்பதாவது வாரம்கூட ஒருமுறை பேசினார்கள். இப்போது மகளின் கட்சி மட்டும்தான் இருக்கிறது.

சான்றிதழ் கைக்கு வந்த திங்கட்கிழமை, மேலாளர் அவளை வெட்டு மேசைக்கு அழைத்துப் போனார். வழுக்கைக்காரரிடம், "அக்கா பரீட்சை எழுதினது அக்டோபர்லங்கிறதால மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்க. இனிமே பொறுப்பாளர் அக்கா. நீங்க இரண்டாவது ஆளா இருக்கணும். ஆர்டர் கூடியிருக்கு, ரெண்டு பேரும் வேணும்" என்றார்.

வழுக்கைக்காரர் அளவக்காவை மேலிருந்து கீழே பார்த்தார். அதற்கு நேரம் பிடிக்கவில்லை. அவள் அவருடைய தோளுக்குக் கீழே இருந்தாள்.

"சந்தோஷம்கா. ஆனா ஒண்ணு" என்றார். "எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு மேசையைத் தூக்கி வச்சுட்டேன்."

அப்போதுதான் கவனித்தாள். மேசைக்கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு மரக்கட்டை. மேசை அவள் மார்புக்கு வந்தது. கை நீட்டிப் பார்த்தாள். மேசையின் எதிர் ஓரம் எட்டவில்லை.

"கட்டையை எடுத்துடுங்க" என்றாள்.

"எடுத்தா நான் குனியணும்கா. சாயங்காலம் நிமிரமாட்டேன்."

"எடுக்காட்டி நான் ஏணி போட்டு ஏறணும்."

எந்திர வரிசையிலிருந்து வெடி, "ஒருத்தர் மேசை மேல, ஒருத்தர் மேசைக்குக் கீழ உக்காந்துக்குங்க" என்றாள். பதினாலு எந்திரமும் நின்றது. மேலாளர் எதுவும் கேட்காதவர்போல வெளியே போனார்.

அளவக்கா நாடாவை உருவினாள். தரையிலிருந்து தன் முழங்கைக்கு அளந்தாள். "கையைத் தொங்கப் போடுங்க" என்று அவருக்கும் அளந்தாள். இரண்டையும் சாக்பீஸால் மேசைக்காலில் குறித்தாள். இடையில் இருந்தது சரியாக இரண்டு கட்டை உயரம்.

"ஒண்ணை எடுப்போம்" என்றாள். "உங்களுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும், எனக்கும் கொஞ்சம் எட்டாம இருக்கட்டும்."

அவர் ஒரு முனையைத் தூக்கினார். வெடியும் இன்னும் நான்கு பேரும் வந்து கை கொடுத்தார்கள். அளவக்கா குனிந்து காலுக்கு ஒரு கட்டையாக உருவினாள். ஒன்பதரைக்கு முதல் சுருளை விரித்தார்கள்.